நாற்காலியை நகர்த்தும் உரிமை

நான்கு கால் இருப்பதால்தான் அதற்கு நாற்காலி என்று பெயர். இந்த எளிய கணக்கை மதிக்காத ஒருவர் வரைந்த இருக்கையில் உட்கார்ந்து, 1939இல் திறக்கப்பட்ட ஓர் அலுவலகத்தில் எழுத்தர்கள் கவிழ்ந்தார்கள். இடம் அமெரிக்காவின் ரசீன் நகரம். வரைந்தவர் ஃபிராங்க் லாய்ட் ரைட், அந்நாட்டின் மிகப் பெரிய கட்டடக் கலைஞர்களில் ஒருவர். ஜான்சன் மெழுகு நிறுவனத்துக்காக அவர் கட்டிய அந்தத் தலைமை அலுவலகத்தைப் பார்க்க இன்றும் மாணவர்கள் போகிறார்கள். அடியில் மெலிந்து உச்சியில் தாமரை இலை போல விரியும் தூண்கள், கண்ணாடிக் குழாய்களின் வழியே வடிந்து இறங்கும் வெளிச்சம் என்று மண்டபம் அழகுதான். மேசையையும் நாற்காலியையும்கூட ரைட்டே வடிவமைத்தார். நாற்காலிக்கு மூன்று கால் கொடுத்தார். இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தால் அது நிற்கும். கால்மேல் கால் போட்டாலோ, கீழே விழுந்த பென்சிலை எடுக்க ஒரு பக்கம் சாய்ந்தாலோ ஆளைத் தள்ளிவிடும். ரைட்டே ஒருநாள் அதிலிருந்து சரிந்ததாக ஒரு கதை உண்டு. பிறகுதான் நான்காவது கால் வந்தது.

ஒரு மேதையின் சறுக்கல் என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அந்த முக்காலிக்குள் அலுவலகங்களின் கதை பாதிக்கு மேல் அடங்கியிருப்பதாகப் படுகிறது. எட்டு மணி நேரம் உட்காரப் போகிறவர் எப்படி உட்கார வேண்டும் என்பதை, அதில் ஒருநாள்கூட உட்கார்ந்து வேலை செய்யப் போகாத ஒருவர் முடிவு செய்திருந்தார்.

நம்மூர் அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தால் யார் பெரியவர் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. நாற்காலியின் முதுகில் வெள்ளைத் துவாலை போர்த்தியிருந்தால் அவர் அதிகாரி. வியர்வைக்காகவோ தலையெண்ணெய்க் கறைக்காகவோ தொடங்கியிருக்க வேண்டும். குளிர்சாதனம் வந்து வியர்வை நின்ற பிறகும் துவாலை நிற்கிறது. அறைவாசலில் அரைக்கதவு, அதற்கு வெளியே அலுவலக உதவியாளரின் ஸ்டூல், மின்விசிறிக்கு நேர்கீழே கண்காணிப்பாளர், காற்று எட்டாத மூலையில் போன மாதம் பணியில் சேர்ந்த இளநிலை உதவியாளர். அங்கிருந்து வரும் கடிதத்தின் தலைப்பைப் பாருங்கள். ந.க.எண் என்று தொடங்கி ஓர் எண், சாய்கோடு, அ1 என்றோ இ3 என்றோ ஒரு குறி, பிறகு ஆண்டு. அந்த அ1 ஓர் இருக்கையின் பெயர். 'கோப்பு அ1 இருக்கையில் இருக்கிறது' என்பார்கள். ஆள் மாற்றலாகிப் போவார், ஓய்வு பெறுவார். அ1 அங்கேயே இருக்கும்.

அரசு அலுவலகங்களுக்கு முன்பே நமக்கு இது பழக்கம். பழைய மண்டிகளில் முதலாளி கல்லாப்பெட்டிக்குப் பின்னால் மெத்தையில் திண்டு போட்டுச் சாய்ந்திருப்பார். வாசலும் தராசும் கணக்கரும் ஒரே பார்வையில் விழும்படி இடம் பார்த்துத்தான் மெத்தையே விரித்திருப்பார்கள். கணக்குப்பிள்ளை பாயில் சம்மணமிட்டு, சாய்வான மூடி போட்ட சிறுமேசையை முன்னால் வைத்துக்கொண்டு குனிந்தபடி பேரேடு எழுதுவார். முதலாளி அவரை எந்நேரமும் பார்க்கலாம். முதலாளியைப் பார்க்க அவர் பேனாவை நிறுத்தித் தலை தூக்க வேண்டும்.

அலுவலக உள்வடிவமைப்பு என்ற பேச்சு இப்போதெல்லாம் நிறம், செடி, மூட்டை போன்ற மெத்தை இருக்கை, மேசைப்பந்து என்றுதான் போகிறது. அறைகலன் விற்பவர்களின் கையேட்டைப் புரட்டினால் பச்சைச் சுவர் வைத்த இடத்தில் மனஅழுத்தம் பறந்துவிடும், தடுப்பை எடுத்த இடத்தில் ஒற்றுமை ஓங்கிவிடும். கடந்த அறுபது ஆண்டு அனுபவத்தையும் ஆய்வுகளையும் சேர்த்துவைத்துப் படிக்கும்போது எனக்குக் கிடைப்பது வேறு. சுவர் இருப்பதும் இல்லாததும் இரண்டாம் பட்சம். வேலை செய்கிறவருக்குத் தன் இடத்தின்மேல் எவ்வளவு பிடி இருக்கிறது என்பதுதான் அவர் உடம்பையும் மனத்தையும், பக்கத்து மேசைக்காரரோடு அவர் பழகும் விதத்தையும் மாற்றுகிறது.

ராபர்ட் புரோப்ஸ்ட் என்பவரின் கதை இதற்கு நல்ல சாட்சி. கொஞ்சம் துக்கமான சாட்சியும்கூட. ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்க அறைகலன் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அந்நாளைய அமெரிக்க அலுவலகம் ஏறக்குறைய பள்ளிக்கூடத் தேர்வு அறை மாதிரி. நடுக்கூடத்தில் வரிசை வரிசையாக எழுத்தர்கள், சுற்றிலும் சன்னலோரமாக அதிகாரிகளின் அறைகள். நாள் முழுக்க உட்கார்ந்தே கிடப்பது உடம்புக்கும் மூளைக்கும் கேடு என்று புரோப்ஸ்ட் நினைத்தார். கண்ணில் படாத காகிதம் கருத்திலிருந்தும் போய்விடும் என்பதையும் கவனித்தார். ஜார்ஜ் நெல்சன் என்ற வடிவமைப்பாளருடன் சேர்ந்து 1964இல் 'ஆக்‌ஷன் ஆபீஸ்' என்ற அறைகலன் தொகுதியைக் கொண்டுவந்தார். நின்றபடி வேலை செய்ய உயரமான மேசை, செய்துகொண்டிருக்கும் வேலையைக் கலைக்காமல் இழுத்து மூட உருள்மூடி, தொலைபேசிக்குத் தனி இடம் என்று எல்லாம் இருந்தன. பாராட்டு குவிந்தது. விலை அதிகம் என்பதால் சரக்கு நகரவில்லை.

1968இல் இரண்டாவது வடிவம் வந்தது. இதில் நகர்த்தக்கூடிய தடுப்புகளும், அவற்றில் வேண்டிய உயரத்தில் மாட்டிக்கொள்ளும் பலகைகளும் இருந்தன. தடுப்புகள் 120 பாகைக் கோணத்தில் விரியலாம். அப்படி வைத்தால் ஒவ்வொருவருக்கும் பாதி மறைவும் பாதித் திறப்புமாக ஓர் இடம் அமையும். எழுந்தால் அடுத்தவர் முகம், உட்கார்ந்தால் தன் வேலை. வேலையின் தன்மை மாறினால் தடுப்பையும் மாற்றிக்கொள்ளலாம். மாற்றப் போகிறவர் அங்கே வேலை செய்கிறவர் என்பது புரோப்ஸ்ட்டின் கனவு. வாங்கிய நிறுவனங்கள் வேறு கணக்குப் போட்டன. 120ஐ 90 ஆக்கினால் அதே தளத்தில் இன்னும் பலரை அடைக்கலாம். சுவர் எழுப்புவதைவிடத் தடுப்பு மலிவு. போட்டி நிறுவனங்களும் களத்தில் இறங்கின. இப்படித்தான் கியூபிகிள் பிறந்தது. எத்தனை உடல்களைத் திணிக்கலாம் என்று பார்ப்பவர்களுக்குத்தான் இது உதவும் என்று நெல்சன் 1970லேயே கடிந்து எழுதினார். புரோப்ஸ்ட் 2000இல் இறந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், மனிதர்களை இப்படிப் பெட்டிகளில் அடைப்பது பைத்தியக்காரத்தனம் என்று அவரே சொல்லியிருந்தார்.

அதே 2000இல்தான் சென்னை தரமணியில் டைடல் பூங்கா திறந்தார்கள். புரோப்ஸ்ட் தலையில் அடித்துக்கொண்ட பெட்டி, பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் மாடிமாடியாக வந்து உட்கார்ந்தது. நம் ஆட்கள் அந்தப் பெட்டியையும் வீடாக்கினார்கள். தடுப்பின் துணிப்பரப்பில் குண்டூசி குத்திய முருகன் படம், பிள்ளை வரைந்த கிரேயான் யானை, ஊர்க்கோயில் கொடை அழைப்பிதழ், இழுப்பறையில் மாங்காய் ஊறுகாய் பாட்டில். ஆயுத பூஜை வந்தால் திரைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, விசைப்பலகைக்கு ஒரு செவ்வந்தி. ஆண்டுக்கு ஒருநாளாவது அந்தக் கணினி அவருடையது. பாதுகாப்பு விதிகள் கடுமையான பிரிவுகளில் மேசைமேல் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்கக் கூடாது என்பார்கள். அங்கே யானைக்கும் முருகனுக்கும் இடமில்லை.

பிறகு தடுப்புகளும் போயின. திறந்தவெளி அலுவலகம் என்ற எண்ணம் அமெரிக்கச் சிக்கனத்தில் மட்டும் பிறந்தது என்று சொல்ல முடியாது. 1950களின் இறுதியில் ஜெர்மனியின் ஷ்னெல்லே சகோதரர்கள் 'அலுவலக நிலக்காட்சி' என்ற பெயரில் சுவர்களை எடுத்தபோது அதில் உண்மையான நல்லெண்ணம் இருந்தது. மேலாளரும் எழுத்தரும் ஒரே கூரையின் கீழ், செடித்தொட்டிகளின் நடுவே, வேலையின் போக்குக்கு ஏற்ப மேசைகளைச் சிதறப் போட்டுக்கொண்டு உட்காரலாம் என்றார்கள். சில ஆண்டுகளில் இரைச்சலும் மறைவின்மையும் பொறுக்க முடியாமல் போயின. 1970களில் ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் போன்ற நாடுகளில் பணியாளர் மன்றங்களும் சங்கங்களும் கேட்டுக் கேட்டுச் சிற்றறைகளை மீட்டுக்கொண்டன. அவர்களுக்குக் கேட்கும் உரிமை இருந்தது. அந்த உரிமை இல்லாத இடங்களில் திறந்தவெளி அப்படியே தங்கிவிட்டது.

சுவரை எடுத்தால் பேச்சு பெருகும் என்பதுதான் திறந்தவெளிக்குச் சொல்லப்படும் முதல் நியாயம். ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீஃபன் டர்பனும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகவே அளந்து பார்த்தது. பெரிய அமெரிக்க நிறுவனம் ஒன்று சுவர்களை எடுப்பதற்கு முன்னும் பின்னும், 52 பேர் கழுத்தில் ஓர் உணர்கருவியை மாட்டிக்கொண்டார்கள். யார் யாரோடு நேருக்கு நேர் நின்று பேசுகிறார்கள் என்பதை அது பதிவு செய்தது. முன்பு ஒருவர் நாளுக்குச் சராசரியாக 5.8 மணி நேரம் நேரில் பேசியிருந்தார். சுவர் போனபின் அது 1.7 மணி நேரமாகச் சுருங்கியது. மின்னஞ்சலும் உடனடிச் செய்திகளும் பாதிக்கு மேல் கூடின. மூன்று மேசை தள்ளி இருப்பவருக்கே மின்னஞ்சல்! நாம் ரயிலில் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். முன்பதிவில்லாப் பெட்டியில் தோளோடு தோள் உரசி நிற்கும்போது காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கைப்பேசிக்குள் புகுந்துகொள்கிறோமே, அதேதான். சுவர் இல்லாத இடத்தில் ஆள் தன் முகத்தையே சுவராக்கிக்கொள்கிறார்.

தூரம் குறைந்தால் பேச்சு கூடும் என்பதும் பொய்யன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தாமஸ் ஆலன் 1970களில் பொறியாளர்களின் பேச்சை அளந்து, இருவரின் மேசைகளுக்கு இடையே தூரம் கூடக்கூடப் பேச்சு சரசரவென்று குறைவதைக் காட்டினார். 50 மீட்டருக்கு அப்பால் இருப்பவர் ஏறக்குறைய வேறு ஊரில் இருப்பவர்தான். இரண்டு முடிவுகளும் மோதுவது போலத் தெரியும். மோதவில்லை. அருகில் இருப்பது ஒன்று, தப்பிக்க வழியில்லாமல் அருகில் இருப்பது இன்னொன்று.

இதை நான் ஒரு தேநீர்த் தூக்கில் கற்றுக்கொண்டேன். முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் ஒரு அண்ணன் எவர்சில்வர் தூக்கில் தேநீரும், செய்தித்தாளில் பொட்டலம் கட்டிய வடையும் கொண்டுவந்து மாடிப்படித் திருப்பத்தில் வைப்பார். அந்த இடம் நான்கு பேர் நின்றால் நிரம்பிவிடும். பதினைந்து பேர் நிற்போம். கணக்குப் பிரிவு, விற்பனைப் பிரிவு, ஓட்டுநர், எல்லாரும் அங்கேதான். பிறகு அலுவலகம் புதுக் கட்டடத்துக்குப் போனது. தளத்துக்கு ஒரு தேநீர் இயந்திரம், சுற்றிலும் வண்ண வண்ண ஸ்டூல்கள், சுவரில் ஒத்துழைப்பைப் போற்றும் வாசகம். இயந்திரம் எந்நேரமும் இருக்கும் என்பதால் யாரும் யாரையும் சந்திக்கவில்லை. ஆறு மாதத்துக்குள் இரண்டு பிரிவுகள் ஒரே வேலையை மூன்று வாரம் தனித்தனியே செய்து முடித்திருந்தது தெரியவந்தது. பழைய மாடிப்படியில் அது வடை தீர்வதற்குள் வெளிவந்திருக்கும். அந்த ஸ்டூல்களில் யாராவது உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இயக்குநரின் அறைக் கண்ணாடிக்கு நேர் எதிரே போட்டிருந்தார்கள்.

உடம்புக்கு என்ன ஆகிறது? கேரி எவன்ஸ், டானா ஜான்சன் இருவரும் 2000இல் வெளியிட்ட ஒரு சோதனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. எழுத்தர் வேலை பார்க்கும் 40 பெண்களில் ஒரு பாதியினரை அமைதியான அறையிலும், மறு பாதியினரைத் திறந்தவெளி அலுவலகத்தின் சாதாரண இரைச்சலிலும் மூன்று மணி நேரம் தட்டச்சு செய்ய வைத்தார்கள். காதைப் பிளக்கும் இரைச்சல் ஒன்றும் இல்லை. தொலைபேசி மணி, பேச்சு, அவ்வளவுதான். இரைச்சலில் இருந்தவர்களைக் கேட்டபோது தங்களுக்குக் கூடுதல் அழுத்தம் இருப்பதாகச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சிறுநீரில், அழுத்தம் வந்தால் உடம்பு சுரக்கும் அட்ரினலின் அளவு கூடியிருந்தது. பிறகு கொடுத்த தீர்க்க முடியாத புதிர்களை அவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். இன்னொன்றையும் ஆய்வாளர்கள் குறித்திருக்கிறார்கள்: தங்கள் இருக்கையையும் உட்காரும் நிலையையும் சரிசெய்துகொள்வதுகூட அவர்களிடம் குறைந்திருந்தது. சோர்ந்தவர் முதலில் விடுவது தன் நாற்காலியைத் தனக்கேற்ப இழுத்துப் போட்டுக்கொள்வதைத்தான் போலும்.

இரைச்சலிலும் மோசமானது பேச்சு. அதிலும் பாதிப் பேச்சு. பக்கத்தில் இருவர் பேசுவதைவிட, ஒருவர் தொலைபேசியில் பேசுவதைக் கேட்பது கவனத்தை அதிகம் கலைக்கிறது என்று கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். மறுமுனையில் என்ன சொல்லியிருப்பார் என்று மூளை தானாக நிரப்பப் பார்க்கிறது. "சரிங்க மாமா, அப்படியெல்லாம் இல்லை, அவர்களே சொன்னார்களா?" என்று பக்கத்து மேசையில் ஒரு கல்யாணப் பேச்சு ஓடும்போது எந்தக் கணக்கு நேராகும்? 303 கட்டடங்களில் 42,764 பேரிடம் திரட்டிய கருத்துகளை ஜுங்சூ கிம், ரிச்சர்ட் டி டியர் இருவரும் 2013இல் அலசியபோதும், திறந்தவெளியில் இருப்பவர்களின் பெருங்குறை ஒலி மறைவின்மைதான். நான் பேசுவது பிறருக்குக் கேட்கிறது, பிறர் பேசுவது எனக்குக் கேட்கிறது. எளிதில் பேசிக்கொள்ளலாம் என்ற வசதி இந்தக் குறையை ஈடுகட்டவில்லை.

டென்மார்க்கில் 2011இல் வெளிவந்த ஆய்வு ஒன்றை இந்தத் தலைப்பில் எழுதும் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். தனியறையில் இருப்பவர்களைவிட, ஆறு பேருக்கு மேல் இருக்கும் திறந்த அறையில் வேலை செய்பவர்கள் 62 சதவீதம் அதிக நாள் நோய்விடுப்பு எடுத்திருந்தார்கள். எண் கவர்ச்சியானது, கொஞ்சம் நிதானம் தேவை. இது கேள்வித்தாள் வழியே கேட்டறிந்தது. தனியறை கிடைப்பவர் பெரும்பாலும் மேல்நிலையில் இருப்பவர். அதே ஆய்வில் இருவர் பகிரும் அறையிலும் 50 சதவீதம் அதிகம், மூன்று முதல் ஆறு பேர் இருக்கும் அறையில் 36 சதவீதம்தான். ஆள் கூடக்கூட நோய் கூடும் என்ற நேர்கோடு அங்கே இல்லை.

குளிருக்கு வருவோம். சித்திரை வெயிலில் வெளியே தார் உருகிக்கொண்டிருக்கும். உள்ளே பெண்கள் சால்வை போர்த்திக்கொண்டு தட்டச்சு செய்வார்கள். சென்னையில் எத்தனையோ அலுவலகங்களில் நாற்காலி முதுகில் ஆண்டு முழுக்க ஒரு சால்வை தொங்குகிறது. அதிகாரியின் துவாலைக்கு ஏழைத் தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்சாதனத்தின் ரிமோட் நிர்வாகப் பிரிவின் இழுப்பறையில் இருக்கும். இந்தக் குளிருக்கு ஒரு வரலாறு உண்டு. கட்டடங்களின் வெப்பநிலையைத் தீர்மானிக்கும் வாய்பாடுகள் 1960களின் ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஓர் உடல் எவ்வளவு வெப்பத்தை வெளிவிடும் என்ற அடிப்படை அளவுக்கு 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஆணை எடுத்துக்கொண்டார்கள். அந்த அளவு பெண்களின் உடல்வெப்ப உற்பத்தியை 35 சதவீதம்வரை மிகையாக மதிப்பிடக்கூடும் என்று போரிஸ் கிங்மா, வௌட்டர் வான் மார்க்கன் லிக்டன்பெல்ட் ஆகிய நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015இல் எழுதினார்கள். இந்தியாவில் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறைக் குளிர்சாதனங்கள் 2020 ஜனவரி 1 முதல் தொடக்கநிலையில் 24 பாகையில் இயங்க வேண்டும் என்று விதி வந்தது. வாங்கியவர் குறைத்துக்கொள்ளத் தடையில்லை. ரிமோட் யார் கையில் என்ற கேள்வியை அந்த விதி தொடவில்லை.

மேசையும் எனக்கென்று இல்லை என்றால் என்ன ஆகும் என்பதை 1990களின் நடுவிலேயே ஒரு நிறுவனம் சோதித்துப் பார்த்தது. கலிபோர்னியாவின் ஷையட் டே என்ற விளம்பர நிறுவனத்தின் தலைவர் ஜே ஷையட், தனி மேசைகளை ஒழித்தார். காலையில் வந்து மடிக்கணினியும் கைத்தொலைபேசியும் வாங்கிக்கொள்ள வேண்டும், கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். மக்கள் என்ன செய்தார்கள்? கணினியை மறைத்துவைத்துக்கொண்டார்கள். காகிதங்களைக் கார் டிக்கியில் அடுக்கினார்கள். ஒருவர் குழந்தைகளின் சிவப்புப் பொம்மை வண்டியில் கோப்புகளை ஏற்றி இழுத்துக்கொண்டு திரிந்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சோதனையைக் கைவிட்டார்கள். கொரோனாவுக்குப் பிறகு, வாரத்தில் பாதி நாள் மட்டும் அலுவலகம் என்றானபோது அதே முறை வேறு பெயரோடு நம்மிடம் வந்திருக்கிறது. செயலியில் காலையிலேயே இருக்கையைப் பதிவு செய்ய வேண்டும். பேருந்து முன்பதிவு போலத்தான். சன்னலோரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆயுத பூஜை அன்று எந்தத் திரைக்குச் சந்தனம் வைப்பது என்று மென்பொருள் வேலையில் இருக்கும் ஒரு தோழி கேட்டாள். அவள் தன் கைப்பைக்குள் இருந்த அடையாள அட்டைக்கு வைத்துவிட்டு வந்தாளாம்.

இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம் இருவரும் செய்து 2010இல் வெளியிட்ட சோதனைதான் என் கட்சிக்கு முதல் வக்கீல். நான்கு வகை அறைகள். முதல் அறையில் மேசை, நாற்காலி; வேறு எதுவும் இல்லை, எல்லாம் துடைத்துவிட்டது போல இருந்தது. இரண்டாவதில் செடிகளும் படங்களும் ஆய்வாளர்களே அழகாக வைத்தார்கள். மூன்றாவதில் அதே செடிகளையும் படங்களையும் வேலை செய்ய வந்தவரிடமே கொடுத்து, எங்கே வேண்டுமோ வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள் என்றார்கள். நான்காவது அறைதான் சுவாரசியமானது. அங்கும் வந்தவரே ஆசையாகச் செடியை நகர்த்தி, படத்தை மாட்டி முடிப்பார். பிறகு ஆய்வாளர் வந்து பார்த்து, நன்றி சொல்லிவிட்டு, அவர் கண்ணெதிரே எல்லாவற்றையும் மாற்றி வைப்பார்.

பிறகு அலுவலக வேலை மாதிரியான பணிகளைக் கொடுத்து அளந்தார்கள். மொட்டை அறையைவிடச் செடி வைத்த அறையில் வேலை சுமார் 17 சதவீதம் கூடியது. தாமே அடுக்கிக்கொண்ட அறையில் சுமார் 32 சதவீதம். கண்ணெதிரே கலைக்கப்பட்ட அறையில் கூடிய பலன் அத்தனையும் போய்விட்டது. அங்கேயும் அதே செடி, அதே படம் இருந்தன! உடல் அசௌகரியம், வெக்கை என்று புகார்கூட அதிகம் வந்தது. செடியின் மகிமையைப் பாடும் கையேடுகள் இரண்டாவது அறையோடு கதையை நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது அறையில் விற்க ஒன்றுமில்லை.

நெதர்லாந்தின் அப்பல்டோர்ன் நகரில் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் என்ற கட்டடக் கலைஞர் இதை ஆய்வுகளுக்கு வெகு முன்பே கட்டிக் காட்டினார். செண்ட்ரால் பெஹீர் என்ற காப்பீட்டு நிறுவனத்துக்காக 1968 முதல் 1972 வரை எழுந்த அலுவலகம் அது. சிறு சிறு சதுர மேடைகளை அடுக்கியது போன்ற கட்டடம்; பூச்சில்லாத சிமெண்டுக் கற்சுவர். வேண்டுமென்றே முடிக்காமல் விட்டார். மிச்சத்தை அங்கே வேலை செய்கிறவர்கள் முடித்துக்கொள்ளட்டும் என்றார். அவர்கள் வீட்டிலிருந்து செடிகளையும் விளக்குகளையும் படங்களையும் கொண்டுவந்து நிரப்பினார்கள். அந்நாளைய புகைப்படங்களில் அது அலுவலகமா, கொடிகள் படர்ந்த யாருடைய வீட்டுக் கூடமா என்று சந்தேகம் வரும். நேர்த்தி விரும்பும் மேலாளருக்கு அந்தப் படங்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

இதுவரை பேசியதெல்லாம் நாற்காலி உள்ளவர்களைப் பற்றி. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானவர்களின் பணியிடத்தில் அதுவே இல்லாமல் இருந்தது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு அடைக்கும்வரை விற்பனைப் பெண்கள் நின்றபடியே இருந்தார்கள். கால் வீக்கம், நரம்புச் சுருட்டல், சிறுநீரை அடக்கி அடக்கி வரும் தொற்று. இடமில்லாமல் நேர்ந்த கதை இது என்று சொல்ல முடியாது. வாடிக்கையாளர் உட்காரச் சோபாவும் மெத்தைத் திண்ணையும் கடை திறந்த நாளிலிருந்தே இருந்தன. உட்கார்ந்திருக்கும் பணியாளர் சோம்பேறி என்ற எண்ணத்தை அந்தக் கடைகளின் தரையிலேயே வரைந்துவைத்திருந்தார்கள். கேரளத்தில் கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடி 2018இல் அங்கே சட்டம் வந்தது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டுக்குரியது. அதில் 2021இல் சட்டமன்றம் ஒரு திருத்தம் சேர்த்தது. எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ள வழி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

போன ஆடித் தள்ளுபடிக்கு அம்மாவுடன் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தேன். சேலைப் பிரிவில் மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் அறுபது சேலையாவது பிரித்துப் போட்டிருப்பாள். அவளுக்குப் பின்னால், அலமாரிக்கு அருகே, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் மடிக்க வேண்டிய சேலைகள் இடுப்பளவுக்குக் குவிந்திருந்தன. உட்கார்ந்துகொள்ளலாமே என்று அம்மா கேட்டார்.

"உட்காரலாம் அம்மா. யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை" என்றாள். சொல்லிக்கொண்டே மாடிப்படிப் பக்கம் பார்த்தாள். தள மேற்பார்வையாளர் அங்கே நின்றிருந்தார். பிறகு சேலைக் குவியலை இரண்டு கையாலும் அள்ளி மேசைமேல் வைத்துவிட்டு, ஸ்டூலைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டாள்.

"உங்களுக்குத்தான் கால் வலிக்கும், நீங்கள் உட்காருங்கள் அம்மா."